எஃப்ஐஆர் போடுங்க சார்

கல்மண்டபத்தில் கயிறும் வலையும் விற்கும் கடை உமைமாவுடையது. மெயில் பார்ப்பதும் பணம் அனுப்புவதும் அவள் தம்பி யாசின். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. காசிமேட்டு விசைப்படகுகளுக்குக் கயிறு வேண்டும். படகுக்காரர்கள் தந்த முன்பணத்தை, கயிற்று ஆலை மெயிலில் சொன்ன புதிய வங்கிக் கணக்கில் யாசின் போட்டான். அப்படி ஒரு மெயிலை ஆலை அனுப்பவே இல்லை.

இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். திருடன் ஆலையின் மெயில் பெட்டிக்குள் முன்பே புகுந்துவிடுகிறான். எதையும் தொடுவதில்லை. யாருக்கு யார் எப்படி எழுதுகிறார்கள் என்று படித்தபடி காத்திருக்கிறான். உண்மையான பில் போனதும், அதே பெட்டியிலிருந்து, அதே பாணியில், கணக்கு மாறிவிட்டதாக ஒரு வரி. போன் போட்டுக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஆனால் இத்தனை வருஷம் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு கொடுத்தவரிடம், "மெயில் அனுப்பியது நீங்கதானா?" என்று கேட்பது இந்தத் தொழிலில் அவரைத் திருடன் என்பதற்குச் சமம். யாசின் கேட்கவில்லை.

தெரிந்ததுமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்ததால், பணம் யாரோ ஒருவன் கணக்கில் நகராமல் நிற்கிறது. அதை மீட்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். அதற்கு முதலில் வழக்குப் பதிவாக வேண்டும்.

ஸ்டேஷனில் உதவி ஆய்வாளர் சிஎஸ்ஆர் ரசீதை நீட்டினார். "கேஸ் போட்டாச்சுன்னு வெச்சுக்கம்மா."

எப்படி வைத்துக்கொள்வது? சிஎஸ்ஆர், புகார் வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. எஃப்ஐஆர்தான் வழக்கு.

உமைமா ரசீதைப் பையில் போட்டாள். "நாங்க வந்ததுக்கு இது சாட்சி. இப்ப எஃப்ஐஆர் போடுங்க சார்."

"அந்தக் கணக்கு வெளிமாநிலம். அங்க போய்க் குடு."

"திருடன் வூட்ட நான் தேடிக்கினு போவணுமா? எங்க நடந்தாலும் இங்க பதியலாம்னு சட்டம் கீது. இலவச சட்ட உதவில கேட்டுக்கினுதான் வந்தேன்."

அவர் யாசினைப் பார்த்தார். "ஏம்பா, படிச்சவன்தானே? ஒரு போன் போடத் துப்பில்ல?"

பின்னால் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"போலாம்கா," என்றான் யாசின். "பேஜாரா கீது."

"இன்னாடா பேஜாரு? களவாணி ஜாலியா சுத்துறான், நீ மூஞ்ச மூடிக்கினு கீற!"

"கத்தாதம்மா," என்றார் உதவி ஆய்வாளர். "பணம் போட்டது இவன். இவன் வாயத் தொறக்கட்டும்."

யாசின் எழுந்தான்.

"நான்தான் சார் போட்டேன். நம்பிப் போட்டேன். ஏமாத்துனவன் மேல கேஸ் போடுங்க. நம்புனது குத்தம்னா என் மேலயும் போடுங்க. ரெண்டுல ஒண்ணு போட்டுத்தான் ஆவணும்."

பெஞ்சில் சிரிப்பு நின்றது.

"இன்ஸ்பெக்டர் வரட்டும். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நாங்க வரல சார்," என்றான் யாசின். "புகார் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால்ல போவுது. அவரும் கம்முனு கெடந்தா மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டு. அங்க நானே நின்னு சொல்றேன், நீங்க என்னப் பாத்து இன்னா கேட்டீங்கன்னு."

அக்காவுக்குக் காத்திராமல் தபாலாபீஸ் பக்கம் நடந்தான்.