வேண்டுமென்றே

மாலை நான்கரை மணிக்கு, லண்டனில் எங்கள் பகுதி உள்ளாட்சிக் கவுன்சிலின் வீட்டுவசதி அலுவலகத்தில் உட்கார்ந்து ஷெரில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். காலையில் நீதிமன்ற ஆட்கள் வந்து அவள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நான் அவளையும் மூன்று பிள்ளைகளையும் என் வேனில் ஏற்றி வந்தேன். மெத்தைகள் இன்னும் வேனில்தான் கிடந்தன.

பூட்டு மாறும்வரை வெளியேறாதே என்று சொன்னதும் இதே அலுவலகம்தான். முன்கூட்டியே போனால் ‘வேண்டுமென்றே வீடிழந்தவர்’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அவர்கள் இடம் தர வேண்டியதில்லை.

வீடு ஏன் போயிற்று என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பானையைச் சொல்வேன். பிள்ளைகளுக்கு, சாப்பாட்டுக்கு, வாடகைக்கு என்று அரசு தரும் உதவியெல்லாம் ஒரே பானையில் விழுகிறது. பானைக்கு ஒரு மூடி உண்டு. லண்டனில் வாடகை ஏறும், மூடி ஏறாது. மேலே வழிவதை வெட்டிவிடுவார்கள், வெட்டு விழுவது வாடகைப் பங்கில். அது நேரே வீட்டுக்காரருக்குப் போகிற பணம், ஷெரிலின் கையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. பாக்கி மட்டும் அவள் பெயரில் ஏறும். மூடியைக் கழற்ற அவளுக்கு இருந்த ஒரே வழி, போதுமான அளவு வேலை பார்ப்பது. தேடித் தேடி, பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சமையலறையில் வேலை பிடித்திருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த அதிகாரி பிலிப்பா சொன்னாள்: “வடக்க ஒரு வீடு இருக்கு ஷெரில். மூணு ரூம். தோட்டம்கூட இருக்கு.”

“ரயில்ல எவ்வளவு நேரம்?”

“நாலு மணி நேரம்.”

“அப்ப திங்கக்கிழமை நான் எப்ப எந்திரிச்சா, மத்தியானம் இங்க பசங்களுக்கு உருளைக்கிழங்கு பரிமாறலாம்? நீயே சொல்லும்மா.”

பிலிப்பா குரலைத் தாழ்த்தினாள். “வேண்டாம்னு சொன்னா, ‘வேண்டுமென்றே’ன்னு எழுதச் சொல்வாங்க.”

“எழுது. ஆனா முழுசா எழுது. ஷெரில் வேணும்னே வேலை தேடினா. வேணும்னே பிள்ளைங்கள ஒரே பள்ளிக்கூடத்துல வச்சிருந்தா. இப்ப வேணும்னேதான் இந்த நாற்காலில உக்காந்திருக்கா.”

“அஞ்சு மணிக்கு மூடிருவோம்.”

“மூடிக்கோ. ஜாம் வச்சு ஒண்ணு தரவா?”

பிலிப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று முகத்தைத் திருத்திக்கொண்டு, மேலாளரைக் கேட்டு வருவதாக உள்ளே போனாள்.

ஷெரில் என் பக்கம் திரும்பினாள். “கிரஹாம், நீ கிளம்பு. ரோட்ல நிக்கிற வேனை பார்க்கிங்காரனுங்க தூக்கிட்டுப் போயிருவானுங்க.”

“போகட்டும். மெத்தையோட தூக்கினா, படுக்க இடமும் அவனுங்கதான் குடுக்கணும்” என்றேன்.

ஐந்து மணிக்குள் காத்திருந்த மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்; உள்ளே போன பிலிப்பா இன்னும் திரும்பவில்லை. அந்தக் கூடத்து விளக்குகள் ஆள் அசைவை வைத்து எரிபவை. கூரையில் பொத்தானளவு கருவி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் அசையாவிட்டால், ஆளே இல்லை என்று முடிவு செய்து அணைத்துவிடும். பிள்ளைகள் களைத்துப்போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். விளக்குகள் அணைந்தன.

ஷெரில் எழுந்து நின்று தலைக்கு மேல் கையை வீசினாள். வரிசை வரிசையாக வெளிச்சம் திரும்பி வந்தது. வாசல் கண்ணாடிக்கு அப்பால் தெருவில் நடந்துகொண்டிருந்த யாரோ நின்று பார்த்தார். சின்னவள் மில்லி செருப்புக் காலோடு நாற்காலியில் ஏறி, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டத் தொடங்கினாள்.