இருபதில் பத்தொன்பது

பத்தொன்பது கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லியும் லோசெலி தோற்றுப்போனாள்.

கல்யாணமாகி, பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டது. கணவன் சியாவோசியும் மூன்று பெண்களும் இந்நாட்டுக் குடிமக்கள். ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டுமே என்ற பயத்தில் இவள் மட்டும் நிரந்தரவாசியாகவே காலத்தை ஓட்டிவிட்டாள். போன தேர்தலன்று நால்வரும் ஓட்டுப்போட உள்ளே போக, இவள் வாசலில் எல்லோருடைய பைகளையும் சுமந்துகொண்டு நின்றாள். மறுநாளே குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டாள்.

"பதினஞ்சு சரியா இருந்தா போதும்னாங்களே?" என்றான், தேர்வு அலுவலகத்துக்கு வெளியே காத்திருந்த சியாவோசி.

"நாட்டோட கொள்கையைப் பத்தின கேள்வி அஞ்சு. அதுல ஒண்ணுகூடத் தப்பக் கூடாதாம்."

"எதுல தப்பு விட்ட?"

"மதமே வேண்டாம்னு ஒருத்தர் இருக்கலாமான்னு கேட்டிருந்தான். கூடாதுன்னு போட்டேன்."

சியாவோசி காரில் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "நம்ம போதகர் திருத்தியிருந்தா நூத்துக்கு நூறு!"

"சிரிக்காதய்யா. சாமி இல்லாம ஒரு மனுஷன் எப்படி இருக்க முடியும்?"

மறுநாள் ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் தோழி பிரான்வினிடம் நடந்ததைச் சொன்னாள். பதினோரு வருஷமாகப் பழம் ஓடும் ஒரே பெல்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள். பிரான்வினின் கைகள் அப்படியே நின்றன.

"அப்போ நான் யாருடி?"

"நீயா? கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டு வர்றவளாச்சே!"

"கேக் திங்க சாமி எதுக்கு? எங்கம்மா செத்தப்பவே சர்ச்சை விட்டுட்டேன். எனக்கு ஒரு நம்பிக்கையும் கிடையாது."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?"

"நீ எங்க என்னைப் பேச விட்ட? உன் பாட்டு ஓய்ஞ்சாத்தானே!"

பெல்ட்டில் அழுகல் பழம் ஒன்று லோசெலியைத் தாண்டி ஓடியது. அவள் கவனிக்கவில்லை. நடுப்பெண்ணுக்குக் குடல்வால் வெடித்த வருஷம், சியாவோசி ஊரில் இல்லாத நேரம், நாலு மணி நேரம் காரோட்டி அடிலெய்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தவள் இந்தப் பிரான்வின்தான்.

"அன்னிக்கு உன்னைக் கடவுள்தான் அனுப்பினார்னு நினைச்சேன்."

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

லோசெலிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கையுறையோடு அவள் தோளைப் பிடித்தாள். "உனக்கு நான் நன்றியே சொல்லலடி."

"இப்ப சொல்லு. சொல்லிட்டுப் பழத்தைப் பாரு, மேஸ்திரி முறைக்கிறான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு தேநீர் இடைவேளையிலும் பிரான்வின் கேள்வி கேட்டாள். தப்பாகச் சொன்னால் ஆரஞ்சு பறந்து வரும். லோசெலி மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஏன் அப்படி, எதற்கு இப்படி என்று சண்டை போட்டுக் கற்றுக்கொண்டாள். ஒரு கட்டத்தில் பிரான்வினுக்கே பதில் தெரியவில்லை. "இந்தத் தேர்வை எனக்கு வெச்சா நாடு கடத்திடுவாங்க போல!" என்றாள்.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது, லோசெலி திரையில் ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மதத்தைப் பற்றிய கேள்வி வேறு மாதிரி வந்தது. இந்த முறை யோசிக்க எதுவும் இல்லை. கடைசிப் பொத்தானை அழுத்தியதும் முடிவு வந்தது. இருபதுக்கு இருபது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை ஊழியர் எழுந்து ஓடி வந்தார்.

விழா நகர மன்றக் கூடத்தில் நடந்தது. ஊர் வழக்கப்படி விசேஷத்துக்கு இடுப்பில் பாய் கட்டிய டோங்காப் பெண்கள் இரண்டு வரிசையை நிரப்பியிருந்தார்கள். நடுவில், இரவல் வாங்கிய பாயை இடுப்பில் பிடித்தபடி பிரான்வின். உறுதிமொழியில் கடவுள் பெயரைச் சேர்த்தும் சொல்லலாம், விட்டும் சொல்லலாம். லோசெலி சேர்த்தே சொன்னாள், மேயரின் ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில்.

சான்றிதழைக் கையில் வாங்கியதுதான் தாமதம், பெண்கள் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த பெயரை வாசிக்க வாயெடுத்த மேயர் தாளை மடித்து வைத்துவிட்டுக் கைதட்டினார். லோசெலி மேடையிலேயே ஆடினாள். இறங்க அவளுக்கு மனமே வரவில்லை.