பொறுப்பாளர் கையெழுத்து

மூன்றாவது மாடிக்குச் சாமான் எல்லாம் ஏற்றி முடித்தபோது தச்சருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆனாலும் உட்காரவில்லை. பிறர் பார்க்க இளைத்து உட்காரும் வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

விடுதி அறையில் இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேசை, சாத்தச் சாத்தத் திறந்துகொள்ளும் ஒரு பீரோ. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். இதை முன்பே விசாரித்து, கட்டில் காலைக் கவ்விக்கொண்டு நிற்கிற மாதிரி, ஆணியே இல்லாத புத்தக அலமாரி ஒன்றை ஒன்பது நாள் மெனக்கெட்டுச் செய்து கொண்டுவந்திருந்தார்.

மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் குட்டி விளக்குச் சரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது ரூமையே அடைச்சுக்குது."

"அவர் இங்கதானே நிக்கிறாரு. அவர்கிட்டயே சொல்லேன்டி" என்றாள் அவர் மனைவி, மெத்தைக்கு விரிப்பைச் செருகியபடி.

"படிக்க வந்தவளுக்குப் புத்தகம் வைக்க இடம் வேணும்" என்றார் தச்சர். "பல்பு தொங்கவிட இது என்ன சர்க்கஸ் கூடாரமா?"

அடித்தட்டில் விரிக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. மேசைமேல் கிடந்த மகளின் கோப்பிலிருந்து ஒன்றை உருவினார்.

"அதை எடுக்காதீங்கப்பா!"

அந்தக் கத்தல் இல்லையென்றால் அவர் அதைப் படித்திருக்கவே மாட்டார். விடுதிப் படிவம் அது. உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற வரியில் மேஸ்திரியின் பெயர், பக்கத்தில் தாய்மாமன் என்று மகளின் கையெழுத்து. அதற்குக் கீழே நாலு வரி காலியிடம். 'மேற்கண்டவர் என் நம்பிக்கைக்கு உரியவர்' என்று தந்தை தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் தராவிட்டால் அறை காத்திருப்போருக்குப் போய்விடும்.

மணி மூன்றரை.

மேஸ்திரி அவருடைய மனைவியின் அண்ணன். ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்தே வேலை எடுத்தார்கள். சுவர் அவருடையது, கதவு இவருடையது. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு புதுவீட்டில் வாசல் கதவு சாத்த வரவில்லை. வீட்டுக்காரரும் விருந்தாளிகளும் பார்த்திருக்க, மேஸ்திரி நிலைச்சட்டத்தில் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் ஒரு விரல்கடை விலகி நின்றது. "சுவர் மேல பழி போடாதீங்க மாப்பிள்ளை, சட்டந்தான் கோணல்" என்றார். யாரோ சிரித்தார்கள். தச்சர் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்தான். அதன்பிறகு மேஸ்திரி வீட்டு வாசற்படியை அவரும் மிதிக்கவில்லை, மனைவியையும் மிதிக்க விடவில்லை. மேஸ்திரி இந்த ஊருக்கே குடிவந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு எழுதின?"

"கேட்டா விடுவீங்களா?" என்றாள் மகள்.

"நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றாள் மனைவி. "இந்த ஊர்ல நமக்கு வேற யாரு இருக்கா? உங்க ரோஷத்துக்கு ஏழு வருஷம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும். அவ படிப்பையும் அதுல போட்டு எரிக்காதீங்க."

தச்சர் வராந்தாவுக்குப் போய், இந்த ஊரில் தான் அலமாரி செய்து கொடுத்த மூன்று பேருக்கு போன் செய்தார். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் அவர் வீட்டு நாய் குரைத்தது. மூன்றாமவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். "வயசுப் பொண்ணு விஷயம். நமக்கு எதுக்குங்க பொல்லாப்பு?"

திரும்பி வந்தபோது, மனைவி வரச் சொல்லியிருந்த மேஸ்திரி அறையில் நின்றிருந்தார், தோளில் ஒரு டேபிள் ஃபேனோடு. அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்னம்மா, கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? தனியா நிக்கத் தெரியாதாக்கும்."

"சுவரை நம்ப முடியாத இடத்துல இப்படித்தான் செய்யணும்னு சொல்லு" என்றார் தச்சர், மனைவியிடம்.

விடுதிக் காப்பாளர் அறையில் நால்வரும் நின்றார்கள். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அம்மாள் அவர். தச்சர் பேனாவை வாங்கி, அழுத்தமாக எழுதிக் கொடுத்தார்: 'இவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.'

"தெரியும்னா போதாதுங்க. நம்பிக்கைக்கு உரியவர்னு எழுதணும்."

"நம்பாததை நான் என் கையால எழுதுறதில்லம்மா."

மணி நாலே முக்கால். தச்சர் திரும்பி, ஏழு வருஷத்தில் முதல்முறையாக மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நான் நிறுத்தினப்ப அந்தச் சட்டம் நேராத்தான் இருந்துச்சு. பூச்சு வேலையில உங்க ஆளுங்கதான் இடிச்சுத் தள்ளினாங்க. அப்படின்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. இப்பவே எழுதித் தர்றேன்."

"அண்ணே, சொல்லிடுண்ணே. வாய் வார்த்தைதானே?" என்றாள் மனைவி.

மேஸ்திரி மருமகளை ஒருமுறை பார்த்தார்.

"என் ஆளுங்க இடிக்கல. நான் கூடவே நின்னேன். இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை. இந்தப் புள்ளைக்காகக்கூட."

"ரெண்டு பேரும் நல்லா இருங்க!" மகள் குரல் உடைந்தது. "நான் பெட்டியைக் கட்டுறேன்."

இந்த மனிதர் சொல்வது தவறு என்பதில் தச்சருக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடியும், தங்கை கெஞ்சுகிறாள், மருமகள் அழுகிறாள், அப்போதும் வளையவில்லை. இந்த முரட்டுக் கட்டையின் காவலில் விட்டால் தன் மகள்மேல் ஒரு தூசு விழாது. அது தெரிந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. தெரிந்த பிறகு எழுதாமல் இருப்பதும் பொய்தான்.

படிவத்தை இழுத்து, பழைய வரிக்குக் கீழே காப்பாளர் கேட்டதைக் கேட்டபடியே எழுதிக் கையெழுத்திட்டார். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார் தச்சர். "எழுதினது உண்மை. அதுக்காக உறவாயிட்டோம்னு நினைச்சுக்காதீங்க."

"நான் எங்க நினைச்சேன்? சட்டம் கோணல்தான்."

படியிறங்கும்போது மனைவி சொன்னாள், "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்." அது அனுமதி கேட்கும் குரல் இல்லை.

தச்சர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் விளக்குச் சரம் எரிந்தது. மகள் எட்டிப் பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் உளிப்பையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றார். மேஸ்திரியின் வேன் வந்தது, முன்சீட்டில் தச்சரின் மனைவி. வேகம் குறைந்து, ஒருமுறை ஹாரன் அடித்தது. தச்சர் வராத பேருந்தை எதிர்பார்ப்பவர்போல மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் போய்விட்டது.