இரண்டாவது குப்பி

சீல் உடைந்த மீட்டர்களைத் தன் வேலைக்காலத்தில் எத்தனையோ பார்த்தவர் அவர். ஆனால் சீல் உடைந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

மின்வாரியத்தில் மீட்டர் சோதனை வேலை. வீடு வீடாக, கடை கடையாகப் போய், மீட்டர் மூடியில் வாரியம் வைத்த சீல் வைத்தபடி இருக்கிறதா, யாராவது கையை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. மனைவிக்குக் கோபம் வந்தால், "மீட்டர் சூடாயிடுச்சு, பார்த்துப் பேசுங்க" என்பாள்.

அன்று அவர் பார்க்கப் போனது மீட்டரை அல்ல. மகனுடைய சிறுநீர் இருந்த ஒரு குப்பியை.

மகன் சைக்கிள் பந்தய வீரன், சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். ஜெயிக்கிறவன் அல்ல. ஜெயிக்க வேண்டியவனுக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்குகிறவன். அணியின் காருக்குப் பின்தங்கிப் போய், சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, திரும்ப விரட்டி வந்து எல்லோருக்கும் கொடுக்கிறவன். தொலைக்காட்சியில் அவன் முகம் வந்தால் ஒன்று அவன் குடிநீர் விநியோகத்தில் இருப்பான், இல்லையென்றால் கீழே விழுந்திருப்பான். "உங்க பையன் தண்ணி வாரியம், நீங்க மின் வாரியம்" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

போன பந்தயத்தின் முடிவில் எடுத்த சாம்பிளில், ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும், தடை செய்யப்பட்ட ஊசி மருந்து இருப்பதாகச் செய்தி வந்தது. சிறுநீரை வாங்கும்போதே இரண்டு குப்பிகளாகப் பிரித்துப் பூட்டிவிடுவார்கள். முதல் குப்பி குற்றம் சொன்னால், வீரன் கேட்கும் பட்சத்தில் இரண்டாவதைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கும்போது அவனோ அவன் அனுப்பும் ஆளோ பக்கத்தில் நிற்கலாம்.

"நீங்க போங்கப்பா" என்று மகன் போனில் சொன்னான். "சீல் பார்க்கிறதுல உங்களை மிஞ்ச ஆளு ஏது?"

வக்கீலும் அதையே வேறு மாதிரி சொல்லியிருந்தார். மூடியில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், 'எனக்குத் திருப்தி இல்லை' என்று எழுதிக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

கார் ஓட்டி வந்தது மனைவியின் தம்பி. வாடகைக் கார் வைத்திருப்பவர். வாய் ஓயாதவர்.

"அத்தான், வக்கீல் சொன்னதை மறந்துடாதீங்க. லேசா நகம் பட்ட மாதிரி இருந்தாக்கூடப் போதுமாம்."

"கீறலுக்கு விடுதலைன்னா உன் காரை இந்நேரம் தியாகியாக்கியிருக்கணும்."

"கிண்டல் பண்ணுங்க. பையன் நம்ம பையன். கொசுவை அடிச்சிட்டுக்கூட பாவம்னு சொல்றவன். அவனைப் போய்..."

"கொசு அடிக்க ஊசி வேண்டாம் மாப்ளே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மைத்துனர் கண்ணாடி வழியாக ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் பேசாமல் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

ஆய்வகம் ஒரு பள்ளிக்கூடத்தைப் போல இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. வாசலில் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளைக் கோட்டும் காலுறை மாதிரி மாட்டிக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் பைகளும் கொடுத்தார்கள். கோட்டின் கை அவருடைய முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டது. உள்ளே ஒரு மேசை, ஒரு கேமரா, குளிர். கண்ணாடி போட்ட, நடுவயதுப் பெண் ஒருத்தி கையுறையை மாட்டியபடி வந்தாள். குப்பியைத் திறக்கப் போகும் ஆய்வாளர் அவள்தான்.

"நீங்க வீரரோட வக்கீலா ஐயா?"

"அப்பா."

அவள் கையுறையின் கடைசி விரலை மாட்டாமல் ஒரு நொடி நின்றாள்.

"சாதாரணமா வக்கீலோ டாக்டரோதான் வருவாங்க. அதான் கேட்டேன்."

"எங்க குடும்பத்துல ரெண்டும் இல்லம்மா. மீட்டர் பார்க்கிறவன் ஒருத்தன், கார் ஓட்டுறவன் ஒருத்தன். ரெண்டு பேரும் வந்திருக்கோம்."

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்களுக்கு யாரு பேரும் தெரியாது ஐயா. நம்பர் மட்டும்தான் வரும். இத்தனை வருஷமா நம்பரோடதான் வேலை. ஒரு நம்பருக்கு அப்பா வந்து நிக்கிறது இதான் முதல் தடவை."

"எல்லா நம்பருக்கும் இருப்பாங்கம்மா. பஸ் கிடைச்சிருக்காது."

குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். கெட்டியான கண்ணாடி. மூடி ஒரு பக்கமாக மட்டுமே சுற்றும், சுற்றச் சுற்றப் பல்லில் பல் மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது, உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்று விளக்கினாள். அவருக்குத் தன்னையறியாமல் தொழில் ஆசை வந்துவிட்டது.

"இந்த மூடி எங்க வாரியத்துக்குக் கிடைச்சிருந்தா எனக்குப் பாதி வயசு மிச்சம்."

"தொடக் கூடாது ஐயா. நான் திருப்பிக் காட்டுறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க."

முதலில் அவர் கண் மூடிக்குப் போகவில்லை. உள்ளே இருந்ததற்குத்தான் போனது. வெளிர் மஞ்சளாக, உறைந்து உருகிய கலங்கலுடன், ஒரு கை அளவு. கைக்குழந்தையாக இருந்தபோது இவன் அவருடைய காக்கிச் சட்டையை நனைக்காத நாள் இல்லை. ஒரு தடவை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நனைத்துவிட, மாற்றுச் சட்டை காயாமல், அப்படியே போய் ஏழெட்டு வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது அதற்கு ஒரு துணி போதுமாக இருந்தது. இப்போது கேமரா வைத்துக் காவல் காக்கிறார்கள்.

"மூடியைக் காட்டுங்கம்மா."

அவள் திருப்பினாள். கால் வட்டம் தாண்டியதும் அவர் கையை உயர்த்தினார்.

கீறல் இருந்தது. மூடியின் மேல் விளிம்பில், மெல்லியதாக, ஒரு மயிரிழை மாதிரி.

அவளும் பார்த்துவிட்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. "இதை எழுதணும்னா எழுதலாம் ஐயா. போட்டோ எடுத்து இணைப்போம். எழுதாதீங்கன்னு நான் சொல்ல முடியாது. எழுதுங்கன்னும் சொல்ல முடியாது."

"எழுதினா?"

"விசாரணை தள்ளிப் போகும். அதுக்கு மேல வக்கீல்களோட சாமர்த்தியம்."

பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினார். பார்க்காமலே தெரிந்துவிட்ட விஷயம்தான். ஆனாலும் பார்த்தார். நோண்டுகிறவன் கீறல் எப்போதும் மூடி சேரும் இணைப்பை நோக்கித்தான் போகும். அவனுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. இந்தக் கீறல் இணைப்பின் பக்கமே வரவில்லை. மேலேயே ஆரம்பித்து மேலேயே முடிந்துவிட்டது. பெட்டியில் வைத்து எடுக்கும்போது உரசியிருக்கும். இதற்காக அவர் ஒரு ஏழைக் குடும்பத்தின் மின்சாரத்தைத் துண்டித்திருக்க மாட்டார். இதை வைத்து ஒரு பணக்காரனை விட்டிருக்கவும் மாட்டார்.

கண்ணாடியை எடுக்காமலே நின்றார். தொழிலில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. யாருக்கும் சொல்லிக் கொடுக்காத கணக்கு. கதவைத் தட்டி 'மீட்டர் பார்க்கணும்' என்றால், கை வைக்காதவன் பில்லைப் பற்றித்தான் புலம்புவான். சீல் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. கை வைத்தவன்தான் கேட்பதற்கு முன்னாலேயே சீலைப் பற்றிப் பேசுவான். எலி கடித்திருக்கும் சார், இடி விழுந்தது சார், நாங்கள் குடிவரும்போதே அப்படித்தான் சார்.

செய்தி வந்த நாளிலிருந்து மகன் எத்தனை தடவை பேசியிருப்பான். குப்பி மாறியிருக்கும் என்றான். மூடி சரியாக மாட்டியிருக்காது என்றான். வண்டியில் கொண்டுபோகும்போது எவனாவது கை வைத்திருப்பான் என்றான். நான் எதையும் போட்டுக்கொள்ளவில்லை அப்பா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவர் காதில் விழாமல் இல்லை. விழாதது மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாற்காலி அவருக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் அதை நகர்த்தி வைத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்தார்.

எழுதினால் என்ன என்று நினைத்துப் பார்த்தார். ஒரு வரிதான். வீட்டில் மனைவியின் முகம் தெளியும். மகன் இன்னொரு வருஷம் ஓட்டுவான். கூடவே ஒல்லியின் நினைவு வந்தது. ஒல்லி மகனுடைய அறைத் தோழன், பந்தயம் இல்லாத நாள்களில் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவன். இந்த வருஷம் அணியில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அணித் தேர்வின் மலைச்சாலை ஏற்றத்தில் மகன் முந்திக்கொண்டான், ஒல்லி வெளியே போனான். இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறான். போன வாரம்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணன் எப்படி இருக்காருப்பா, நான் நம்பவே மாட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திருட்டுக் கரண்ட் காற்றில் கரையாது, பக்கத்து வீட்டுக்காரன் பில்லில்தான் ஏறும். வாசல் வாசலாக அவர் சொன்ன வசனம்.

"சீல் சரியா இருக்கும்மா."

"அந்தக் கீறல்..."

"அது உரசல். சீல்ல இல்லை."

"நிச்சயமா ஐயா?"

"இதுல மட்டும் என்னைச் சந்தேகப்படாதீங்க."

கையெழுத்துப் போட்டார். அவள் குப்பியை ஒரு சிறிய கருவியில் பொருத்தி நெம்புகோலை அழுத்தினாள். மூடி உடைந்த சத்தம் பெரிதாக இல்லை, கடலைத் தோல் உடைகிற மாதிரி இருந்தது. முடிவு வர இரண்டொரு நாள் ஆகும் என்றாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அது அவள் வேலையில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கோட்டை வாங்கிக்கொள்ளும்போது சொன்னாள்:

"முடிவு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் தானா உண்மையைச் சொன்னா, அதைக் கணக்குல எடுத்துப்பாங்க. உங்க பையனுக்காகச் சொல்லலை. எந்த நம்பர் கேட்டாலும் இதான் சொல்வேன்."

"கேக்கிற நம்பர்கிட்ட சொல்லிடறேன்."

படியில் இறங்கும்போதே போன் அடித்தது.

"சீல் எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

மறுமுனையில் சக்கரம் சும்மா சுழலும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. மனம் சரியில்லை என்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான்.

"ஒரு கீறல்கூடவா இல்லை?"

"இருந்துச்சு. பெட்டி உரசினது."

"வக்கீல் சொன்னாரேப்பா..."

"சொன்னாரு."

சக்கரத்தின் சத்தம் நின்றுவிட்டது. கையால் பிடித்து நிறுத்தியிருப்பான்.

"கோபமா இருக்கீங்களா?"

"நான் இன்னும் உன்னை ஒண்ணுமே கேக்கலையேடா."

"அதுதான்பா தாங்க முடியலை." அவன் குரல் உடைந்தது. "வருஷக் கடைசியில கான்ட்ராக்ட் முடியுது. மலையில எல்லாரும் என்னை விட்டுட்டுப் போறாங்க. கொஞ்ச நாள்தான், அப்புறம் விட்டுடலாம்னு நினைச்சேன். ஃபிரிட்ஜ்ல பாலுக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். அம்மா ரூமுக்கு வந்தப்ப ஃபிரிட்ஜைத் துடைக்கப் போனாங்க. பார்த்துடுவாங்களோன்னு கத்திட்டேன். அம்மாகிட்ட நான் அப்படிக் கத்தினதே இல்லைப்பா."

அவருக்கு அந்த நாள் தெரியும். திரும்பி வந்தவள், 'பிள்ளை ரொம்பக் களைச்சுப் போயிருக்கான்' என்று மட்டும் சொன்னாள். கத்தினான் என்று சொல்லவில்லை.

"யாரு கொடுத்தா, எப்ப கொடுத்தாங்கிறதை எல்லாம் விசாரணையில சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நாளைக்கே சொல்லு."

"சரிப்பா. அம்மாகிட்ட... நீங்க சொல்லிடுறீங்களா?"

"மாட்டேன். நீ வந்து சொல்லு. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"ஒல்லி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவர் இன்னும் ஒரு படி இறங்கினார்.

"தெருவுல தலை காட்ட முடியாதுப்பா. உங்களையும் சேர்த்துப் பேசுவாங்க."

"என்னைப் பார்த்து எந்த வீட்டுலடா சிரிச்சுக் கதவு திறந்திருக்காங்க? எனக்குப் பழக்கம்தான். உனக்கும் பழகிடும். ரூம்லயே இரு, வர்றோம்."

மைத்துனர் காருக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்கா அத்தான்?"

"முதல்ல அவன் ரூமுக்கு. கூட்டிட்டுப் போயிடலாம்."

"மேல கேரியர் இல்லையே. சைக்கிளை எங்க வைக்கிறது?"

"சைக்கிள் அங்கேயே இருக்கட்டும். அவனை மட்டும் ஏத்திக்குவோம்."

மைத்துனர் பின்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த தண்ணீர் பாட்டில்களையும் பழைய செய்தித்தாள்களையும் டிக்கியில் கொண்டுபோய்ப் போட்டார். பிறகு பின்னால் உட்காருகிறவன் கால் நீட்ட இடம் வேண்டும் என்று, தன் பக்கத்து முன்னிருக்கையை ஆன மட்டும் முன்னால் தள்ளினார்.

"இதுல நீங்க எப்படி உக்காருவீங்க அத்தான்? முழங்கால் இடிக்குமே."

"இடிக்கட்டும். அவனுக்குத்தான் நீளக் கால்" என்றார் மீட்டர்காரர். காலை மடக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.