ஊரில் இல்லாத நோய்

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா காலராக் கிருமியைப் படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அது ஊரை விட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. காலரா வார்டில் உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால், வயிற்றுப்போக்கோடு வந்தவர்களின் மல மாதிரியை வளர்த்த தட்டு முழுக்க மஞ்சள் மஞ்சளாக அது முளைத்திருந்தபோது, முதலில் தன் கைச் சுத்தத்தைத்தான் சந்தேகப்பட்டாள். மறுபடி வளர்த்தாள். மறுபடியும் அதுவே. தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். பழைய வகைதான், இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்ததோ என்று போனில் சொன்னார்கள்.

நோயாளிகள் எல்லாரும் மார்க்கெட்டுக்குப் பின்தெரு. அங்கே குழாய் கிடையாது, லாரித் தண்ணீர்தான். லாரி அவள் தங்கை புருஷனுடையது.

நேரே தங்கை வீட்டுக்குப் போய் லாரியை நிறுத்தச் சொன்னாள். அவன் சிரித்தான். எல்லா லாரியும் ஒரே கிணற்றில்தான் பிடிக்கிறது, என் தண்ணீர் மட்டும் என்ன பாவம் செய்தது என்றான். அடுத்த நாளும் ஓட்டினான். அன்று அந்தத் தெருத் தையல்காரரின் மனைவியைப் பேச்சு மூச்சில்லாமல் தூக்கி வந்தார்கள். சலைன் ஏற்ற நரம்பு கிடைப்பதற்குள் போய்ச் சேர்ந்தாள். டாக்டரம்மா சுகாதார அதிகாரிக்குப் போன் போட்டுக் கிணற்றையும் சொன்னாள், லாரியையும் சொன்னாள்.

லாரியைப் பிடித்தார்கள், அவனையும் பிடித்தார்கள். கிணற்றை மூடவில்லை. அதை மூடினால் காலரா என்று சொல்லியாக வேண்டும். அதிகாரி அவளிடம் தன்மையாகத்தான் பேசினார்.

“ஒழிச்சுட்டோம்னு விழாவே எடுத்தாச்சும்மா. இப்பப் போய் வந்துருச்சுன்னா மேல யாரு பதில் சொல்றது?”

மறுநாள் பேப்பரில் அசுத்தமான லாரித் தண்ணீரால் வயிற்றுப்போக்கு, காலரா என்பது வதந்தி என்று வந்தது. தங்கை புருஷன் படமும் வந்தது. தங்கை வீட்டில் கல் விழுந்தது. டாக்டரம்மா பேப்பர்காரர்களிடம் போய்க் காலராதான் என்றாள். அவர்கள் தலைமை ஆய்வகத்தைக் கேட்டார்கள். அப்படி எதுவும் சொன்னதாக அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

வேறொருவருடைய லாரி அதே கிணற்றில் பிடித்துத் தங்கை தெருவுக்கும் ஊற்றத் தொடங்கியது. டாக்டரம்மா குளோரின் மாத்திரையோடு ஓடினாள். தங்கை அவளை உள்ளே கூப்பிடவில்லை.

“தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிடி. பிள்ளைங்களுக்கும் அதையே குடு.”

“எதுக்கு?”

“காலராடி.”

“அதான் ஊர்லயே இல்லன்னு போட்டுட்டாங்களேக்கா. இல்லாத நோய்க்கு எதுக்கு என் புருஷனப் புடிச்சுக் குடுத்த?”

டாக்டரம்மா மாத்திரையை நீட்டினாள். தங்கை குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, அக்காவைப் பார்த்தபடியே கடகடவென்று குடித்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிழைத்துவிட்டாள். அவளுக்கும் வயிற்றுப்போக்கு என்றுதான் எழுதினார்கள். டாக்டரம்மா கட்டிலருகே போகும்போதெல்லாம் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.