யோர்தான் முடியட்டும்

தவரத்தினம் செத்துப்போன செய்தி சீனாய் வனாந்தரத்துக்கு வந்தபோது, அவருடைய மனைவி தயாளினி பஸ்ஸின் முன்சீட்டில் இருந்து அவருக்காகவே செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பாரிசவாதத்தில் படுத்த மனிதரை, இப்போதைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்பி, பாரிஸ் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவள். மாலைக்குள் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும் தெரியாது. அட, இப்படியும் ஒரு புண்ணிய யாத்திரை!

செய்தி வந்தது யாத்திரையை நடத்திய றொபின்சனுக்கு. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் விமான டிக்கெற் கடை வைத்திருப்பவன், பச்சைத் தண்ணியில் பலகாரம் சுடுகிறவன். பஸ் எண்ணெய் அடிக்க நின்ற இடத்தில் கோசலையைத் தனியே கூப்பிட்டான். கோசலை தயாளினியின் உயிர்ச் சிநேகிதி. அங்கேயே ரூ காய் தெருப் புடவைக்கடையில் இருவரும் ஒன்றாக வேலை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே விசா, ஒருத்தர் திரும்பினால் எல்லாரும் திரும்பவேண்டி வரும் என்றான். அடக்கம் வெள்ளிக்கிழமையாம், கனடாவிலிருந்து வரும் தவரத்தினத்தின் தமையனுக்கு அதற்குமேல் லீவு இல்லையாம். இன்றைக்கே சொன்னால் அவள் போய் முகத்தைப் பார்த்துவிடலாம் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அது கோசலைக்கே தெரியும்.

“யோர்தான் முடியட்டும் அக்கா. பிறகு சொல்லுவம்.”

கோசலை வாயைத் திறந்தாள். மகள் லக்சிகாவின் நினைவு வந்தது. கலியாணமாகி இத்தனை வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. யோர்தானில் முழுகி அவளுக்காக மன்றாடத்தான் கோசலை வந்ததே. வாயை மூடிக்கொண்டாள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அன்று பின்னேரம் றொபின்சன் நோன்பு மாதிரிப் புதிதாக ஒரு ஒறுத்தல் கண்டுபிடித்தான். வனாந்தரத்தில் ஒருவருக்கும் போன் வேண்டாம் என்று எல்லாருடையதையும் பைக்குள் வாங்கினான். சாப்பாட்டுக்கு முன்பே மற்றவர்களுடையவை சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டன. தயாளினி மட்டும் யாத்திரை முடியும்வரை ஒறுத்தாள்.

நேபோ மலையில் அவள் முழங்காலில் நின்று, அந்த மனுசனை ஒருக்கா எழுப்பி நடக்க விடும் ஆண்டவரே என்று உரத்து மன்றாடினாள். குழு முழுவதும் ஆமென் சொன்னது. கோசலையும் சொன்னாள், பாவி.

சனிக்கிழமை மத்தியானம், விமான நிலையத்திலிருந்து வந்த வான் அவர்களை ரூ காய் முனையில் இறக்கியது. வீட்டுக்குக் கூட்டிப்போய், இருத்தி வைத்து, ஆறுதலாகச் சொல்வதாகத் திட்டம். லா ஷப்பலில் யார் செத்தாலும் கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்பது றொபின்சனின் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

மரக்கறிக்கடைக் கண்ணாடியில் தவரத்தினம் கோட்டும் டையுமாக இருந்தார். தயாளினி பெட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கிட்டப் போனாள். ‘தயாளினியின் அன்புக் கணவரும்’ என்ற வரியை விரலால் தொட்டாள். கடைசி எழுத்துவரை வாசித்தாள். அழவில்லை.

“வெள்ளிக்கிழமை தாட்டுப்போட்டினம்,” என்றாள். “வெள்ளிக்கிழமை நாங்கள் எங்கை நிண்டனாங்கள், கோசலை?”

கோசலை அவளுடைய பெட்டியை நடுத்தெருவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாள். “யோர்தானிலை.”

“ஓம். தண்ணிக்கை நிண்ட என்னை, சிரியடி எண்டு சொல்லிப் படமெடுத்தனி. நானும் சிரிச்சனான்.”