கோதண்டராமன் பந்து

1976 சித்திரையில் கோதண்டராமன் அடித்த கோல்ஃப் பந்து இன்னும் கீழே விழவில்லை. அண்ணாமலையை வலமாகவே சுற்றுகிறது, ஒரு நாளும் இடமாகப் போனதில்லை. ஓட்டுக்கூரை உயரத்தில் வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடி அண்ணாமலை ஊரைத் தாண்டும். பூசையில் வைத்த குங்குமப் பொட்டு அதில் அப்படியே இருக்கிறது. மழைக்கும் அழியவில்லை, அந்தப் பக்கம் மழையும் கம்மிதான்.

செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அவருடைய ஊரில் அவர் காசுக்கு ஆடியவர். அந்தக் காலத்தில் காசுக்கு ஆடுகிறவனைக் கிளப்பின் முன்வாசல் வழியாக விடமாட்டார்களாம். 'இங்க மட்டும் இன்னா வாழுது' என்று ஊர்க்காரர்கள் அவரை உடனே சேர்த்துக்கொண்டு, பந்து சாமி என்று பேரும் வைத்தார்கள். கோடையில் காய்ந்த ஏரியில் ஒன்பது குழி தோண்டினார். மொத்த அடியை எண்ணுவது ஒரு வகை, குழிக்குக் குழி ஜெயிப்பது இன்னொரு வகை என்றார். அம்பயர் கிடையாது, அவனவன் கணக்கை அவனவனே சொல்லணும் என்றதும் ஏரியே சிரித்தது. பந்து மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் போடச் சொன்னார். எல்லாரும் பூசை போட்டுக் குங்குமப் பொட்டு வைத்தார்கள்.

அந்த வருஷப் போட்டியில் பரிசு ஒரு குத்துவிளக்கு. கடைசி ஆட்டம், குழிக்குக் குழி. கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைக் கடலை வியாபாரி கோதண்டராமனும் அடி அண்ணாமலை அப்பாதுரையும் மோதினார்கள். கோதண்டராமன் மகள் ஆதிலட்சுமியை அப்பாதுரை மகனுக்குப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மாற்றிய பிறகு சம்பந்திகள் ஒருவரையொருவர் நாலு பேர் முன்னால் குற்றம் சொல்லக்கூடாது, அது அந்தப் பக்கத்து வழக்கம். எட்டுக் குழி முடிந்து இருவரும் சமம். ஒன்பதாவதில் கோதண்டராமன் ஓங்கி அடித்த பந்து மலைப்பக்கம் ஏறி மறைந்தது. தொலைந்தால் ஓர் அடி தண்டம், திரும்பப் போய் அடிக்கணும். அவர் வேலிக்காத்தான் புதருக்குள் போய், மடியிலிருந்த வேறு பந்தைப் போட்டு, "கெடச்சிடுச்சிங்க!" என்று கத்தினார். வருங்காலச் சம்பந்தி முன்னால் தோற்கக்கூடாது என்ற வீம்பு, வேறென்ன!

அங்கிருந்து அடித்த அந்தப் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அப்பாதுரை குனிந்து பார்த்தார். பொட்டு இல்லை. நிமிர்ந்து, "போதுங்க சம்மந்தி, குழியில போட்ட மாதிரிதான். நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்று விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் பொட்டு வைத்த பந்து ஊருக்குள் வந்தது. பார்க்காதவர் இல்லை, பேசியவரும் இல்லை. நிற்காத பந்தைத் தொலைந்த பந்து என்று சொல்ல முடியாது, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று பந்து சாமி மட்டும் தீர்ப்பு சொன்னார். அடுத்த மாதம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கோதண்டராமன் வலை கட்டிப் பார்த்தார். பந்து வலைக்கு மேலே ஏறிப் போனது. அந்த விளக்கைக் கண்ணால் பார்க்க முடியாமல் கல்யாணச் சீரோடு சேர்த்து அனுப்பினார். அதனால் யாரை ஏமாற்றி வாங்கினாரோ அவர் வீட்டிலேயே அது தினமும் எரிந்தது. மகள் வீட்டுக்குப் போனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். சம்பந்தி சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாச்சு என்பார். அப்பாதுரை ஒரு சொல் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்படியே எட்டு வருஷம் ஓடியது.

1984இல் பேரனுக்குக் காதுகுத்து. சாயங்காலப் பந்தி முடிந்து எல்லாரும் தாம்பூலம் போடும்போது கோதண்டராமன் எழுந்து நின்றார்.

"நான் அன்னிக்கு பந்த மாத்திட்டேன். ஜெயிச்சது சம்மந்திதான்."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார். சொன்னால் விழுந்துவிடும் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தார். பந்து வந்தது, பந்தலைத் தாண்டியது, போனது.

"இத்த சொல்லவா எழுந்தீங்க? எல்லாருக்கும் தெரியுமே. உக்காருங்க," என்றார் அப்பாதுரை.

கோதண்டராமன் மகளைப் பார்த்தார். ஆதிலட்சுமி குத்துவிளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும்ப்பா. சீருக்கு இந்த விளக்கத் தேய்ச்சப்பவே தெரியும். நான் வேணாம்னு சொல்லியிருந்தா உங்க முகம் இன்னாத்துக்கு ஆவும்?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றினாள். வந்திருந்தவர்கள் பந்து போய்விட்டது, நேரமாகிவிட்டது என்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.